டெயில் லைட்: கவுன்ட்டரிலும் கார் பார்க்கிங்கிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்ட்டரில் பல வருஷம் நின்றவன் நான். கடையை விட்டு வந்தாயிற்று, கேள்விகள்தான் என்னை விட்டபாடில்லை. நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தில் காய்கறிப் பையோடு லிஃப்டுக்கு நிற்கும்போதுகூட யாராவது "சார், பின்னாடி லைட்டு..." என்று ஆரம்பிப்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கீழே எழுதியிருக்கிறேன். முழு செட் என்ன விலை என்று வந்தவர்களில் பலருக்கு ஒரு பல்ப் போதுமானதாக இருந்தது. சிலருக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை, ஒரு துண்டு உப்புத்தாள் போதும்.

பின்னாடி எல்லாமே சிவப்பாத்தான் இருக்கு. எது டெயில் லைட், எது பிரேக் லைட்?

பெரும்பாலான பழைய கார்களில் இரண்டும் ஒரே பல்ப்தான். அதற்குள் இரண்டு இழைகள் இருக்கும். 5 வாட் இழை, ஹெட்லைட்டோ பார்க்கிங் லைட்டோ போட்டால் மெல்லியதாக எரியும். அதுதான் டெயில் லைட். 21 வாட் இழை, பிரேக்கில் கால் வைத்தால் பளிச்சென்று எரியும். ஒன்று போய் இன்னொன்று எரிந்துகொண்டிருப்பது சகஜம். அதனால்தான் "நேத்து ராத்திரி எரிஞ்சுதே" என்று பலர் சத்தியம் செய்வார்கள். எரிந்தது டெயில், போனது பிரேக்.

இவை தவிர இண்டிகேட்டர், வெள்ளை ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட்டுக்கு மேல் ஒரு குட்டி விளக்கு, பின் கண்ணாடியை ஒட்டி மூன்றாவது பிரேக் லைட் ஆகியவையும் உண்டு. பம்பரில் இருக்கும் சிவப்புச் சில்லு பல கார்களில் விளக்கே அல்ல, வெறும் ரிஃப்ளெக்டர். "இது எரியவே மாட்டேங்குது" என்று அதைக் காட்டியவர்களும் உண்டு.

உள்ளே உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைக் கூப்பிடணுமா?

கிண்டி சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் என் கண்ணாடியைத் தட்டி, "இன்னா சார், பிரேக் அட்ச்சா ஒண்ணுமே எரியல, நான் உன் டிக்கில வந்து குந்திகினு இருப்பேன்" என்றார். அன்றைக்கு என் கடை அலமாரியில் பல்ப் அட்டைப்பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. என் காரில் எத்தனை நாளாக எரியாமல் இருந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

ஆள் வேண்டாம். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது பின்புறம் சுவரையோ கேட்டையோ பார்த்திருந்தால், பிரேக் மிதித்து ரியர் வியூ கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பு விழ வேண்டும். கண்ணாடி முகப்பு வைத்த கடை வாசலில் ரிவர்ஸ் எடுத்தாலும் தெரிந்துவிடும். இறங்கித்தான் பார்க்க வேண்டுமென்றால், எஞ்சினை அணைத்து ஹேண்ட்பிரேக் போட்டு, மடக்கிய குடையை பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் போங்கள். சில கார்களில் சாவியை ஆனில் வைத்தால்தான் பிரேக் லைட் வரும். மாதம் ஒருமுறை போதும், ஐப்பசி பிறந்துவிட்டால் வாரம் ஒருமுறை.

பல்ப் ஃபியூஸ் போச்சா, இல்ல ஃபியூஸ் போச்சா?

பல்ப் இழை அறுந்தாலும் நாம் "ஃபியூஸ் போச்சு" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் வருகிற குழப்பம் இது. நிஜ ஃபியூஸ் என்பது டேஷ்போர்டுக்குக் கீழேயோ பானட்டுக்குள்ளேயோ பெட்டியில் செருகியிருக்கும் கலர் பிளாஸ்டிக் துண்டு. சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் என்றால் 15. எது எதற்கு என்று பெட்டி மூடியிலோ கார் புத்தகத்திலோ படம் இருக்கும்.

ஒரு பக்கம் பிரேக் லைட் மட்டும் போனால் முதல் சந்தேகம் பல்ப் மேல். மூன்று பிரேக் லைட்டும் ஒரே நாளில் போனால் ஃபியூஸ், அல்லது பெடலுக்கு மேல் இருக்கும் பிரேக் ஸ்விட்ச். மேலே உள்ள மூன்றாவது எரிகிறது, கீழே இரண்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு பல்பும் போயிருக்கும். முதலாவது எப்போதோ போனது, நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

10 போன இடத்தில் 20 போடாதீர்கள். சிகரெட் பெட்டி சில்வர் பேப்பரைச் சுற்றிச் செருகுவதும் வேண்டாம். ஃபியூஸ் எரியாவிட்டால் அதற்குப் பதில் வயர் எரியும்.

கடையில என்ன நம்பர்னு கேட்கிறாங்க. எந்த பல்ப் வாங்கணும்?

பழைய பல்பைக் கையோடு கொண்டுபோங்கள். அதைவிட நல்ல நம்பர் கிடையாது. பித்தளை அடிப்பகுதியில் எழுதியிருக்கும். பி21/5டபிள்யூ என்றால் மேலே சொன்ன இரட்டை இழை; கடையில் டபுள் கான்டாக்ட் என்பார்கள், அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்கும். பி21டபிள்யூ ஒற்றை இழை, ஒரு புள்ளி. லென்ஸ் வெள்ளையாக இருந்து உள்ளே பல்ப் ஆரஞ்சாக இருந்தால் அது பிஒய்21டபிள்யூ, இண்டிகேட்டருக்கானது. நம்பர் பிளேட் விளக்கு பெரும்பாலும் பித்தளையே இல்லாத, முழுக்கக் கண்ணாடியான டபிள்யூ5டபிள்யூ.

நல்ல கம்பெனி சாதா பல்பே நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இடது போனால் வலதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, அடுத்ததும் வரிசையில் நிற்கிறது.

நானே மாத்தலாமா, இல்ல எலக்ட்ரீஷியன்கிட்ட போகணுமா?

பல்ப் போடும் வகை என்றால் நீங்களே மாற்றலாம். ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவரோ பத்தாம் நம்பர் ஸ்பேனரோ போதும். செடான் கார்களில் பெரும்பாலும் டிக்கிக்குள் பக்கவாட்டு மேட்டை விலக்கினால் கை போகும். ஹேட்ச்பேக்கில் பின்கதவைத் திறந்தால் விளக்கின் ஓரத்தில் இரண்டு ஸ்குரூ தெரியும். கழற்றியதும் விளக்கை நேராகப் பின்பக்கம், உங்களை நோக்கி இழுங்கள். எதிர் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் முளைகள் பாடியில் உள்ள ரப்பர் துளைகளில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் நெம்பினால் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பல்ப் வாங்க வந்தவர் மறுநாள் முழு செட் வாங்க வருவது அந்த "டிக்"குக்குப் பிறகுதான்.

விளக்கு கையில் வந்ததும் ஹோல்டரைக் கடிகாரம் ஓடுவதற்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று சுற்றினால் கழன்றுவரும். பித்தளை பல்ப் என்றால் உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும், கண்ணாடி பல்ப் என்றால் நேராக இழுக்க வேண்டும். எரிந்துகொண்டிருந்த பல்ப் சுடும், கொஞ்சம் ஆறவிடுங்கள். புதிதைப் போடும்போது பாருங்கள், இரட்டை இழை பல்பின் இரண்டு பக்க முளைகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு பக்கமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், பலம் காட்டாதீர்கள். ஸ்குரூ போட்டு மூடுவதற்கு முன்பே எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

புது பல்ப் போட்டும் எரியல. பல்பே டூப்ளிகேட்டா?

இருக்கலாம், ஆனால் முதலில் ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறதா? திருவான்மியூர், பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் உப்புக்காற்று இந்த வேலையைச் செய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் டிக்கி வரை தண்ணீரில் நின்ற கார்களிலும் இதைப் பார்த்தேன். வடிந்து, காய்ந்து, எல்லாம் எரிந்தது. சில மாதம் கழித்து ஒவ்வொன்றாக அணைந்தது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளைச் சுருட்டி ஹோல்டருக்குள் விட்டுத் தேயுங்கள். பித்தளை மின்ன ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம்.

அடுத்தது எர்த். விளக்கிலிருந்து போகும் வயர்களில் ஒன்று, பெரும்பாலும் கறுப்பு, பாடி தகரத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அங்கே துரு ஏறினால் விசித்திரமெல்லாம் நடக்கும். பிரேக் மிதித்தால் டெயில் மங்கும், இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து கண்சிமிட்டும். "பேய் பிடிச்ச மாதிரி" என்று ஒரு அம்மா சொன்னார். போல்ட்டைக் கழற்றி, தகரம் பளபளக்கத் தேய்த்து, மறுபடி முடுக்கியதும் பேய் போய்விட்டது.

ஹேட்ச்பேக்கில் பின்கதவில் இருக்கும் விளக்குகள் மட்டும் போனால், கதவின் கீல் பக்கத்தில் ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயரைப் பாருங்கள். திறந்து மூடி, திறந்து மூடி உள்ளே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, ரப்பரை நகர்த்திப் பார்க்க வேண்டும். தரைத்தள பார்க்கிங் என்றால் பெருச்சாளி மேலும் சந்தேகப்படலாம்.

பிரேக் மிதிச்சா டேஷ்போர்டு லைட்டெல்லாம் எரியுது. வண்டி கம்ப்யூட்டர் போச்சா?

கம்ப்யூட்டர் ஒன்றும் ஆகியிருக்காது. இரட்டை இழை பல்பில் ஒரு இழை அறுந்து இன்னொன்றின் மேல் விழுந்திருக்கலாம். அல்லது டபுள் கான்டாக்ட் ஹோல்டரில் யாரோ சிங்கிள் கான்டாக்ட் பல்பைத் திணித்திருப்பார்கள். அதன் அகலமான ஒற்றைப் புள்ளி இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். இரண்டிலும் பிரேக்குக்கு வரும் மின்சாரம் பின்வாசல் வழியாக பார்க்கிங் லைட் வயருக்குள் நுழைகிறது. டேஷ்போர்டு விளக்கு அந்த வயரோடு சேர்ந்தது. சரியான பல்ப் போட்டும் போகவில்லை என்றால், முந்தைய பதிலில் சொன்ன எர்த்.

வண்டியை ஆஃப் பண்ணி பூட்டிட்டேன், பிரேக் லைட் மட்டும் அணையவே மாட்டேங்குது.

டிரைவர் மேட்டில் குனிந்து தேடுங்கள். நொறுங்கிய பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துணுக்கு ஏதாவது கிடக்கிறதா? பெடல் தண்டில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. காலை எடுத்ததும் பெடல் மேலே வந்து, அந்தக் குமிழ்தான் ஸ்விட்சை அழுத்தி விளக்கை அணைக்கும். வருஷக்கணக்கில் வெயிலில் வெந்து அது பொடிந்து விழுந்தால், அந்த ஓட்டை வழியாக ஸ்விட்ச் முனை வெளியே வந்துவிடும். கார் நீங்கள் பிரேக்கிலேயே கால் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். குமிழ் விலை அற்பம். அதுவரை ராத்திரியில் பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது.

இதே ஸ்விட்ச் வேறு மாதிரி கெட்டால் பிரேக் லைட் எரியவே எரியாது. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பலவற்றில் கியர் பார்க்கிங்கிலிருந்து நகராது. பட்டன் ஸ்டார்ட் வண்டி கிளம்பவே அடம்பிடிக்கும். கியர்பாக்ஸ் போய்விட்டதோ என்று பயப்படுவதற்கு முன் பின்னால் போய் பிரேக் லைட்டைப் பாருங்கள்.

மழைக்கப்புறம் லைட்டுக்குள்ள தண்ணி நிக்குது. ஒரு ஓட்டை போட்டு விட்டுடலாமா?

போடாதீர்கள். தண்ணீர் போகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் வரவும் செய்யும், கூடவே தூசியும் எறும்பும் வரும். உள்பக்கம் மெல்லிய ஆவி படிந்து, ஓட்டினால் மறைந்துவிடுகிறது என்றால் அது கோளாறே இல்லை. விளக்கு மூச்சுவிட கம்பெனியே துவாரம் வைத்திருக்கும். சொட்டுச் சொட்டாக நின்றாலோ அடியில் தேங்கினாலோதான் கவனிக்க வேண்டும்.

லென்ஸில் மயிரிழைக் கீறல், தண்ணீர் புகாமல் அடைக்கும் பின்பக்க ஸ்பாஞ்ச் கேஸ்கெட் நசுங்கியது, பல்ப் மாற்றியவர் ஹோல்டரை அரைகுறையாகத் திருப்பியது, இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். கழற்றி, ஹோல்டர்களை எடுத்துவிட்டு, ஒரு பகல் நிழலில் காயவைத்து, கேஸ்கெட்டை மாற்றுங்கள். கீறலுக்கு சிலிகான் பூசலாம். மொட்டை மாடி வெயிலில் வைத்து உருகவிட்டவர் ஒருவர் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன், எதிர் ஃபிளாட்.

லென்ஸ் மங்கிப் போச்சு. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

லேசான மங்கலுக்கு டூத்பேஸ்ட் கொஞ்சம் வேலை செய்யும், பாலிஷ் அதைவிட ஒழுங்காகச் செய்யும். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் மட்டும் தொடக் கூடாது. ஹெட்லைட் பெரும்பாலும் பாலிகார்பனேட், டெயில் லைட் பெரும்பாலும் அக்ரிலிக். அக்ரிலிக்கில் அவை பட்டால் உள்ளுக்குள் சிலந்தி வலை போல வெடிப்பு விடும், எந்தப் பாலிஷிலும் போகாது.

நம் ஊருக்கே உரிய ஒரு மங்கலும் உண்டு. ஆயுத பூஜைக்கு லைட்டுக்கு லைட் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு அடுத்த பூஜை வரை விட்டுவைப்பது. பக்தியைக் குறை சொல்லவில்லை. மறுநாள் ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால் கோடு விழும். அடுத்த வருஷம் பொட்டு தகரத்தில் இருக்கட்டும், விளக்கில் வேண்டாம்.

பைக்காரன் இடிச்சு லென்ஸ் உடைஞ்சுடுச்சு. முழு செட்டா வாங்கணுமா? புதுப்பேட்டையில கிடைக்குமா?

இப்போது வருகிற கார்களில் லென்ஸும் உடம்பும் சேர்த்து ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் முழுதாகத்தான் வாங்க வேண்டும். பழைய ஹோல்டரும் வயரும் நன்றாக இருந்தால் அவை இல்லாமலும் விற்பார்கள், கேளுங்கள். கேட்கும்போது "லெஃப்ட், ரைட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பின்னால் நின்று சொல்கிறீர்களா, முன்னால் நின்றா என்று குழம்பும். டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்று சொன்னால் தகராறே இல்லை. கார் தயாரித்த மாதமும் வருஷமும் ஆர்.சி.யில் இருக்கும், அதையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் ஓடும் கார் நடுவில் முகம் மாறியிருக்கும்.

புதுப்பேட்டையில் பிரித்த வண்டியின் ஒரிஜினல் பீஸ் கிடைத்தால் நல்லதுதான், புது டூப்ளிகேட்டைவிடப் பொருத்தமாக உட்காரும். முளைகள் எல்லாம் முழுசாக இருக்கிறதா, உள்ளே வெள்ளி முலாம் உரியவில்லையா, லென்ஸில் ஒட்டுப்போட்ட தடம் இல்லையா என்று வெளிச்சத்தில் பார்த்து, கடையிலேயே பேட்டரியில் எரியவிட்டு வாங்குங்கள். எல்இடி என்றால் இது ரொம்ப முக்கியம். அதில் ஒரு புள்ளி போனாலும் பல்ப் மாற்றுகிற மாதிரி மாற்ற முடியாது, போர்டோடு வேலை. புது செட் வரும் வரை உடைந்த இடத்தில் சிவப்பு ஒட்டு டேப் ஒட்டலாம், அதுவும் ஓரிரு நாளுக்குத்தான்.

இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணிடலாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். விளக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதா பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், மிச்சம் 2,000. 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது ஆயிரம் ரூபாய். அதற்காக, கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை ஏறிய நோ கிளெய்ம் போனஸ், ஒரே கையெழுத்தில் பூஜ்யமாகிவிடும். பம்பர், டிக்கி எல்லாம் சேர்ந்து நசுங்கியிருந்தால் விஷயம் வேறு. தனி விளக்குக்குக் கைக்காசுதான் லாபம்.

சாதா பல்புக்குப் பதிலா எல்இடி போட்டா பளிச்சுன்னு இருக்குமா?

போட்டுப் பட்டவன் சொல்கிறேன். இண்டிகேட்டருக்கு எல்இடி போட்டேன்; படபடவென்று வேகமாக அடித்தது. எல்இடி குறைவாக மின்சாரம் இழுப்பதால், பல்ப் போய்விட்டது என்று கார் நினைத்துக்கொள்கிறது. சரிக்கட்ட 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி டிக்கி மேட்டுக்குள் செருகினேன். அது இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடும் என்று தெரிந்தும் செருகினேன் என்பதுதான் வெட்கக்கேடு. மேட் உருகி, டிக்கியில் ஒரு வாரம் நாற்றம். ரெசிஸ்டர் போடத்தான் வேண்டும் என்றால் தகரத்தில் ஸ்குரூ போட்டு மாட்டுங்கள், துணியிலும் பிளாஸ்டிக்கிலும் வேண்டாம்.

பிரேக்குக்கு மலிவு எல்இடி போட்டால் இன்னொரு தொல்லை: டெயிலுக்கும் பிரேக்குக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னால் வருபவர் நம்பியிருப்பதே அந்த வித்தியாசத்தைத்தான். அதோடு சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்இடி ரோஜா நிறமாகத் தெரியும். வாரண்டியில் இருக்கும் காரில் வயரை வெட்டி ஒட்டுவதும் வம்புதான். சாதா பல்பே போதும் என்பது என் கட்சி.

கறுப்பு ஃபிலிம் ஒட்டினா ஸ்டைலா இருக்கு. தப்பா?

தப்பு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 105-ஆவது விதிப்படி பின்விளக்கின் சிவப்பு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டை வெள்ளை வெளிச்சத்தில் 15 மீட்டரிலிருந்து படிக்க முடிய வேண்டும். நம்பர் பிளேட் விளக்கையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள், அதை யாருமே பார்ப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், ஐப்பசி மழையில் ஓஎம்ஆரில் உங்கள் பின்னால் தண்ணீர் லாரி வருவதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பளீர்னு சிவப்பா எரியுது. இன்னொரு பக்கம் பல்ப் போச்சா?

டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்குச் சின்னம் எரிகிறதா? அப்படியென்றால் மூடுபனிக்கான பின் ஃபாக் லைட்டைத் தெரியாமல் போட்டிருக்கிறீர்கள். பல கார்களில் அது டிரைவர் சைடில் ஒன்றுதான் இருக்கும். ரிவர்ஸ் லைட்டும் சில மாடல்களில் ஒன்றுதான், கம்பெனியே அப்படித்தான் செய்திருக்கும். எதிர்ப்பக்கத்தைக் கழற்றி ஹோல்டரைத் தேடித் தேடி அலுத்தவர்கள் உண்டு. சென்னையில் பின் ஃபாக் லைட் தேவைப்படுவது போகி விடியற்காலைப் புகையில்தான். மற்ற நாளில் பின்னால் வருபவர் கண்ணைக் குத்தும், பிரேக் லைட்டையும் மறைக்கும்.

எல்லா பல்பும் நல்லா இருக்கு, நானே பார்த்தேன். ஆனா ராத்திரி பின்னால வந்த பையன் "அங்கிள், பேக் லைட்டே எரியல"ங்கிறான். எப்படி?

சமீபத்திய கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. பையன் சொன்னது சரி. இந்தக் கார்களில் டேஷ்போர்டு பகலிலும் எரியும். முன்னால் டிஆர்எல் என்கிற பகல் விளக்கும் தானாக எரியும். தெருவிளக்கு நன்றாக இருக்கும் அண்ணா சாலையில் அந்த வெளிச்சத்திலேயே ஓட்டிவிடலாம். ஹெட்லைட் போடவில்லை என்பதே தெரியாது. ஆனால் பல மாடல்களில் டிஆர்எல்லோடு டெயில் லைட் சேர்ந்து எரியாது. முன்னால் பார்த்தால் கார் ஜெகஜ்ஜோதி, பின்னால் கும்மிருட்டு.

பழைய காரில் டேஷ்போர்டு இருட்டாக இருக்கும், அதுவே லைட்டைப் போடச் சொல்லும். இப்போது அந்தக் காவல் இல்லை. உங்கள் காரில் ஆட்டோ நிலை இருந்தால் லைட் போடும் குமிழை அதிலேயே விட்டுவையுங்கள். மழை பகலில் அதை நம்பாமல் கையாலேயே போடுங்கள். வெளிச்சம் போதுமென்று அதன் சென்சார் நினைத்துக்கொள்ளும், மழை என்று அதற்குத் தெரியாது. ஆட்டோ இல்லாத வண்டி என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு சீட் பெல்ட் மாட்டும் அதே கையோடு குமிழை இரண்டு கட்டம் திருப்பிவிடுங்கள்.